ரெஜினா அக்கா கோத்த கறுப்பு மணிமாலை

ரெஜினா அக்கா இன்று காலை இறந்துவிட்டார். நெஞ்சுவலி... ஆட்டோ பொன்னேரி ஆஸ்பத்திரியை எட்டும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் மகள் போனில் சொன்னாள்.

என் பேஜில் மணிமாலை போட்டோக்களுக்கு லைக் போட்ட பலருக்கு அவரைத் தெரியாது. எல்லா டிசைனும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்டவை. கோட்டைக்குப்பத்தில், அவர் வீட்டு முன்னறையில், பாய் விரித்து எதிரெதிரே உட்கார்ந்து கோத்தவை.

கேமரா முன்னால் மட்டும் வரமாட்டார். "என் மூஞ்சிய போட்டா வர்ற ஆர்டரும் வராது" என்பார்.

இப்போது எனக்கு லாவண்யாவின் கல்யாண ஆர்டர்தான் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.

லாவண்யாவின் அப்பா படகுகளுக்குப் பெயர் எழுதும் பெயின்டர். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு திடீரென்று இறந்துபோனார். அவர் வரைந்த ஓவியம் ஒன்றைப் பழைய சேலையில் சுற்றி எடுத்துவந்தாள் அந்தப் பெண். மழைக்கு முந்தின ஏரி. முக்கால்வாசி கருமேகம், ஓரத்தில் மங்கலாய் ஒரு வெளிச்சம், கீழே சின்னதாய் ஒரு படகு.

"நைனா கையால போட்டது. இத அப்டியே மாலையா செஞ்சி குடுங்கக்கா. கல்யாணத்தன்னிக்கு போட்டுக்கணும்."

கல்யாணப் பெண் கழுத்தில் கறுப்பா... எனக்கு உதறல். நீலமும் வெள்ளையுமாய் ஒரு சாம்பிள் கோத்துக் காட்டினேன்.

அக்கா ஓவியத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்து நைலான் நரம்பை வெட்டினார். மணிகள் அறை முழுக்க ஓடின.

"அழகாத்தான் கீது. ஆனா அவுங்கப்பா போட்டது இது இல்லியே."

"மாப்ள வூட்ல இன்னா சொல்வாங்கன்னு யோசிச்சியாக்கா?"

"அத அந்தப் பொண்ணு யோசிச்சிக்கும்."

அன்று மாலைவரை அக்கா சொன்னபடியே கோத்துக்கொண்டிருந்தோம். மேகத்துக்குப் பளபளக்கும் கறுப்பு, மங்கல் கறுப்பு, ஈயச் சாம்பல். வெளிச்சத்துக்கு ஒற்றை வரிசையாய் மஞ்சள் கண்ணாடி மணி.

கல்யாணத்தன்று நாங்களே மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். நான் பயந்ததுதான் நடந்தது. மணப்பெண் அறையில் மாப்பிள்ளையின் அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார். உடனே மூடினார்.

"கருகமணின்னா தாலியோட நாலு இருக்கும். இது இன்னா, கழுத்து பூரா கறுப்பு? வேணாம்."

லாவண்யா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா, பூவும் பொட்டும் இல்லாமல், கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தார்.

அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனார்.

"உன் வூட்டுக்காரரு போட்ட படம்மா. நீயே வந்து போட்டு வுடு."

இதனால் கல்யாணமே நின்றுபோனால்...

"நான் எப்டிம்மா..." என்றார் அந்த அம்மா.

லாவண்யா எழுந்து வந்து, அம்மா முன்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அம்மாவின் கைக்குக் கொக்கி அகப்படவில்லை. மறுபடி முயன்றார். மறுபடியும்... அக்கா உதவப் போகவில்லை, அசையாமல் நின்றார். கடைசியில் மாட்டியது.

மாப்பிள்ளையின் அம்மா சரி என்றும் சொல்லவில்லை, கழற்று என்றும் சொல்லவில்லை. "நேரமாவுது, பொண்ண இட்னு வாங்க" என்றுவிட்டு வெளியே போனார். தாலி கட்டும்போது அந்த மாலை லாவண்யாவின் கழுத்தில் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில்தான் பார்த்தேன், அக்கா காலிப் பெட்டியை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டியாக்கா?"

"பின்ன? உசுரே போயி வந்துச்சி."

நாளை காலை அடக்கம். நான் கிளம்பிவிட்டேன்.

வந்துட்டே இருக்கேன்க்கா...