மினூ கொட்டிய பாலும் வாசலில் திரும்பிய மாதாவும்

அம்மாவுக்குக் கொரோனா வந்து போனதிலிருந்து வாசனை தெரியாது. கருவாடு வறுத்தாலும் சரி, சாம்பிராணி போட்டாலும் சரி, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். டாக்டர்களும், "பழகிக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள். பழகிக்கொண்டோம். அது ஒருநாள் எங்கள் உயிருக்கே உலை வைக்கும் என்று நினைக்கவேயில்லை.

எங்கள் வீடு கடலோரத்தில், குருசுக்குப்பம் பக்கம். அம்மா, நான், எங்கள் பூனை மினூ, அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் பிரான்சுக்குப் போகும்போது மினூவைக் குட்டியாக எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெயரும் அவர் வைத்ததுதான். மினூவுக்கு அடுப்பு மேடைதான் சிம்மாசனம். ஒருமுறை வால் முடி கருகியும் புத்தி வரவில்லை. "ஒனக்கு அங்க என்னாடி வேல? நீயா கொழம்பு வெக்கப்போற?" என்று அம்மா திட்டுவார். திட்டிக்கொண்டே மீன் தலையை எடுத்து வைப்பார்.

போன அக்டோபர், செபமாலை மாதம். எங்கள் அன்பியத்தில், அதாவது தெருவின் செபக் குழுவில், மாதா சுரூபம் என்கிற சிலை ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டுக்குப் போகும். யார் வீட்டுக்கு வருகிறதோ, அவர்கள் முந்தைய வீட்டுக்குப் போய் மாதாவை ஏந்தி வரவேண்டும். தெருவே மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டு பின்னால் வரும். அன்று எங்கள் முறை. மாதாவை எடுத்துவர நான் செலின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா எல்லாருக்கும் டீ போடப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கூடத்தில் பீடத்தை அலங்கரித்துக்கொண்டிருந்தார். பீடத்தில் ஏற்றப்போகும் மெழுகுவர்த்தி கடற்காற்றில் அணையக் கூடாதென்று எல்லா ஜன்னலையும் இறுகச் சாத்தியிருந்தார். மாதா வருகிற நாளில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

அந்த நேரம் பார்த்து மினூ மேடையில் தாவியது. பாத்திரம் சாய்ந்து மேடையெல்லாம் பால். அம்மா ஓடிவந்து அதை விரட்டி, அவசரமாகத் துடைத்தார். அடுப்பில் தீ இல்லை. தானே நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். தீயை அணைத்தது பால். கேஸ் வந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்குத்தான் வாசனை தெரியாதே!

இதெல்லாம் பிறகு தெரிந்தது. நான் மாதாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி வந்து, வாசல் கதவைத் தோளால் தள்ளினேன். குப்பென்று கேஸ் நாற்றம். உள்ளே பீடத்தின் முன்னால் அம்மா, கையில் தீப்பெட்டி. எனக்குப் பின்னால் எரியும் மெழுகுவர்த்திகளோடு தெருவே நிற்கிறது.

"அம்மா, கிழிக்காத!" என்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அம்மா குச்சியை உரசுகிறார். எங்கள் அன்பியத் தலைவர் லூர்து மாமா, மெழுகுவர்த்தியும் கையுமாக, "உள்ள போ பாப்பா, ஏன் நிக்கிற?" என்று பின்னாலிருந்து நெருக்குகிறார். போச்சு, எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். கற்ற செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. "தாயே, நீயே நிறுத்து." இவ்வளவுதான் கேட்டேன்.

கேட்ட மாத்திரத்தில் என் உடம்பு திரும்பியது. நான் யோசித்துத் திரும்பவில்லை, சத்தியமாக. மாதாவின் முகம் கூட்டத்தைப் பார்த்தது. நம் ஆட்களைத்தான் தெரியுமே! நான் கத்தி நிற்காதவர்கள், மாதா திரும்பியதும் ஆசீர்வாதம் என்று எண்ணி நடுத்தெருவில் முழந்தாள்படியிட்டார்கள். பாட்டு நின்றது.

"கேஸ் லீக்! மெழுகுவத்திய அணைங்க! எல்லாரும் பின்னால போங்க!"

எல்லாரும் ஊதி அணைத்தார்கள். மாதாவை மாமா கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன். அம்மா எரிச்சலோடு நின்றிருந்தார். "இந்தத் தீப்பெட்டிக்கு இன்னிக்கி என்னாடி கேடு? ஒரு குச்சிகூடப் பத்த மாட்டுது!"

பற்றவில்லை. அடுப்போரம் இருந்த அந்தத் தீப்பெட்டி மினூ கொட்டிய பாலில் ஊறிப்போயிருந்தது.

அம்மாவை வெளியே இழுத்து விட்டேன். அடுப்பையும் சிலிண்டரையும் மூடினேன். எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னல்களைத் திறந்தேன். அன்றைய செபமாலை தெருவிலேயே நடந்தது. அம்மா என் கையை விடவேயில்லை.

செபம் முடிந்ததும் மாமா ஆரம்பித்தார். "மொதல்ல அந்தப் பூனைய வைத்திக்குப்பத்துல வுட்டுட்டு வாங்க."

"அங்க படகுக்குப் படகு மீனு கெடக்கும். அது தண்டனையா மாமா, பென்ஷனா?" என்றார் செலின் அக்கா.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது கொட்டுனதாலதான் கேஸ் வந்துச்சி. அது கொட்டுனதாலதான் குச்சியும் பத்தல. இப்ப அத அடிக்கிறதா, கொஞ்சறதா? நீங்களே சொல்லுங்கண்ணே."

அதற்குள் மினூ மாமாவின் வேட்டியில் முகத்தைத் தேய்க்கத் தொடங்கியிருந்தது. "சனியனே," என்றார். அவர் கை அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது.

ஆபீஸில் ஒரு தோழி, "எல்லாம் தற்செயல்டி" என்றாள். இருக்கட்டும். அந்த வாசற்படியில் நின்றது நான். கேட்டதும் நான், கிடைத்ததும் எனக்கு. இப்போது வேலை முடிந்ததும் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் அம்மாவும் நானும் செபத்துக்கு உட்காருகிறோம். ஜன்னல்கள் திறந்தே இருக்கும். காற்றில் மெழுகுவர்த்தி அணைந்தால் மறுபடி ஏற்றுகிறோம்.

அம்மாவுக்கு வாசனை திரும்ப வேண்டும் என்றும் தினமும் கேட்கிறேன். அது இன்னும் கிடைக்கவில்லை. அதற்காக நான் கேட்பதை விடவில்லை. அம்மா கேட்பதையும் விடவில்லை: "ஏய், மோந்து பாருடி, மல்லி நல்லா வாசன வருதா?" வருகிறது என்று சொல்ல அம்மாவுக்கு நான் இருக்கிறேன், எனக்கு அம்மா இருக்கிறார். ஆண்டவருக்கு நன்றி, மாதாவுக்கு நன்றி. உங்களுக்கும் நெருக்கடியில் செபம் மறந்துபோனால் பயப்படாதீர்கள். வாயில் வருவதைச் சொல்லுங்கள். என் குரலைக் கேட்டவள் உங்கள் குரலையும் கேட்பாள்.