இடது கைக்கு என்ன வேலை?

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது பெரிய வித்தை இல்லை. சைக்கிளை மறக்கடிப்பதுதான் உயிர் போகிற வேலை. அருப்புக்கோட்டையில் டிரைவிங் ஸ்கூல் வைத்து, பாளையம்பட்டிப் பொட்டலில் பைக் பழக்கிவிடுகிறேன். யாருக்காவது வண்டி பழக்கப் போய், பின்சீட்டில் உட்கார்ந்து குலதெய்வத்தைக் கூப்பிட்டவரா நீங்கள்? அப்படியென்றால் என் வலி உங்களுக்குப் புரியும்.

சைக்கிளில் இடது கைப்பக்கம் பின் பிரேக். பைக்கில் அதே இடத்தில் கிளட்ச். அதைப் பிடித்தால் இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்து, வண்டி தன் போக்கில் உருளும். முன் பிரேக் குப்புறத் தள்ளிவிடும் என்று பயந்து, ஆயுள் முழுக்க இடது கையையே நம்பியவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள்.

ஆடு பிழைத்தது

பாண்டி மல்லாங்கிணறு பக்கம் சைக்கிளில் கேன் கட்டிப் பால் எடுப்பவர். பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்துப் போக வேண்டும், அதற்கு மோட்டார் வண்டியும் லைசென்ஸும் வேண்டும், முடியாவிட்டால் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பால் சென்டரில் சொல்லிவிட்டார்கள். மச்சினன் பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

முதல் நாளே குறுக்கே ஓர் ஆடு. பாண்டி இடது கையை இறுக்கினார். நிற்கவில்லை, இன்னும் இறுக்கினார். ஆடு பிழைத்தது. நாங்கள் இருவரும் சீமைக்கருவேலத்துக்குள் கிடந்தோம். முள்ளைப் பிடுங்கிக்கொண்டே கேட்டார்: "பிடிக்கப் பிடிக்க ஓடுதே அண்ணாச்சி, இது என்ன பிரேக்கு?"

செருப்பு

இன்னொருவர் டவுனில் மளிகைக்கடை முதலாளி. அவர் சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்த பிறகு மாற்றியதே இல்லை. பைக்கிலும் இரண்டு காலையும் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவார். வலது காலடியில் பிரேக் இருக்கிறதே, அதை மிதிக்கக் கூடாதா என்றேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வண்டிக்கு வண்டி பிரேக்க மாத்தி மாத்தி வைக்கிறான். செருப்பு எப்பவும் ஒரே எடத்துலதானய்யா இருக்கு!"

வைத்தியம்

பாண்டிக்கு ஒரு வைத்தியம் சொன்னேன். சைக்கிளில் இடது பிரேக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள், கை தானாக மறந்துவிடும். சொன்னபடியே கழற்றினார். வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

அந்த சைக்கிளில் தண்ணீருக்குப் போன அவர் மனைவி முத்துலட்சுமி, குழாயடி வந்ததும் இடது கையை மடக்கியிருக்கிறார். அங்கே காற்றுதான் இருந்தது. வரிசையில் இருந்த குடங்களெல்லாம் உருண்டன. நெளிந்த குடத்தோடு பொட்டலுக்கே வந்துவிட்டார். "அவுக கைய மறக்கச் சொன்னீக, சரி. என் கை என்ன பாவம் பண்ணுச்சு?"

பேச்சை மாற்ற, பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரைக் காட்டி, இதில் இடது கையில் பின் பிரேக்தான் என்று சொல்லிவைத்தேன். அவர் கோபத்தை மறந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அந்த வாரமே எல்.எல்.ஆரும் போட்டார். பாண்டி மட்டும் நொந்துபோனார். "சைக்கிள்ல பிரேக்கு, பைக்குல கிளச்சு, ஸ்கூட்டர்ல மறுபடி பிரேக்கு. எடது கைக்கு ஒரு நெலையான உத்தியோகமே கெடையாதா?"

டெஸ்ட்

இருவருக்கும் ஒரே நாளில் டெஸ்ட். பாண்டி எட்டு போட்டார் பாருங்கள், கோலம் மாதிரி. இன்ஸ்பெக்டர் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். பாண்டியின் இடது கை இறுகியது. இஞ்சின் அலற, வண்டி அவரைத் தாண்டி டீக்கடை வரை போனது. ஒதுங்கிக் குதித்த இன்ஸ்பெக்டர் பேனாவைத் தேடிக்கொண்டே சொன்னார்: "ஓட்ட நல்லாத்தான் ஓட்டுறாரு. நிறுத்தத்தான் மாட்டேங்கிறாரு."

ரூட்டு போச்சு அண்ணாச்சி என்று பாண்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அடுத்து முத்துலட்சுமி ஸ்கூட்டரில் எட்டு போட்டு வந்தார். இன்ஸ்பெக்டர் இந்த முறை நன்றாகத் தள்ளி நின்றே கை காட்டினார். இடது கை இறுகியது, வண்டி நின்றது. பால் சென்டர்க்காரர்கள் லைசென்ஸ்தானே கேட்டார்கள், அது யாருடையது என்று சொல்லவில்லையே!

பின்சீட்டு

போன வாரம் மல்லாங்கிணறு ரோட்டில் பார்த்தேன். முத்துலட்சுமி ஓட்ட, காலடியில் ஒரு கேன், பக்கத்துக்கு ஒரு கேன், பின்னால் பாண்டி. அவர் இடது கை மனைவியின் தோளில். எப்படிப் போகிறது என்றேன்.

"குறுக்க ஒரு கோழி வந்தாப் போதும், அவுக எந்தோளப் பிடிச்சு இறுக்கிருவாக. ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி, இப்ப வண்டி நிக்குது."

ஆக, என்னிடம் படித்தவர்களிலேயே பிரேக்கைத் தன் கைக்குத் தோதான இடத்தில் வைத்துக்கொண்டவர், டெஸ்டில் தோற்ற பாண்டி ஒருவர்தான்.