மேட்னி இருட்டில் பெண் பார்த்தது

போன மாதம் அண்ணன் மகளின் கல்யாண வரவேற்புக்காக அம்பத்தூர் போயிருந்தேன். பத்திரிகையில் போட்டிருந்த மண்டபத்தின் பெயரை முன்பின் கேட்டதில்லை. ஆட்டோவை விட்டு இறங்கி எதிரே இருந்த பழைய தண்ணீர் டேங்கைப் பார்த்ததும்தான் உறைத்தது. அட, இது நம்ம தியேட்டர் இருந்த இடம்!

மணப்பெண் அறைக்குள் நுழைந்தால் ஒரே பவுடர் வாசனை. அழகுநிலையப் பெண்கள் இரண்டு பேர் எங்கள் பிள்ளையின் முகத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்துக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "அத்தை, ரொம்ப ஓவரா தெரியுதா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அழகுநிலையப் பெண், "லைட் போட்டா சரியாயிடும் மேடம்" என்றாள். அதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. இதே இடத்தில் என்னைப் பெண் பார்த்தபோது எங்கள் வீட்டின் கவலையெல்லாம் லைட் போட்டுவிடுவார்களே என்பதுதான்.

ரோசி சின்னம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா நான் பள்ளிக்கூடம் போகும்போதே போய்விட்டாள். அவளுடைய தங்கை ரோசிதான் பட்டாபிராமில் எங்கள் வீட்டோடு வந்து இருந்து எங்களை வளர்த்தாள். வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. அவளுக்கு இருந்த ஒரே கவலை என் நிறம். எங்கள் வீட்டில் எல்லோருமே மாநிறம். நான் மட்டும் கொஞ்சம் தாராளமாக அடுப்பில் விட்ட தோசை. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், நாங்கள் எஸ்டேட் என்போம், மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனியில் வேலை, கையில் சொந்தச் சம்பளம், ரயிலில் சிநேகிதிகளோடு அரட்டை. ஆனால் சின்னம்மாவுக்குத் தூக்கம் வராது.

எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே பெண் பார்த்துவிடுவது வழக்கம். யாருக்கும் செலவில்லை, சங்கடமில்லை. அப்படி என்னைப் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள், "சொல்லி அனுப்பறோம்" என்று போனதோடு சரி. சின்னம்மா யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். "தப்பு நம்ம பேர்லதான். பூசை முடியற நேரத்துல வெயிலு மூஞ்சில அடிக்குது. அந்த வெளிச்சத்துல எவளா இருந்தாலும் கருப்பாதான் தெரிவா."

அதற்கு அவள் கண்டுபிடித்த மாற்றுதான் சினிமா தியேட்டர். அதுவும் மேட்னி. லைட் அணைந்த பிறகு உள்ளே போவது. இடைவேளை விடுவதற்கு முன்னால் என்னைப் பெண்கள் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்விடுவது. மறுபடி அணைந்ததும் திரும்புவது. படம் முடியும் முன் வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்துவிடுவது. தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டும் மாணிக்கம் அண்ணன் எங்கள் தெருக்காரர். லைட் போடப் போகும்போது எங்கள் காலடியில் டார்ச்சை அடித்துக் காட்டவேண்டும் என்று அவரிடம் பேசி வைத்தாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் வேறு மாதிரி சொன்னாள். "சின்னஞ்சிறுசுங்க, ஊட்ல உக்கார வெச்சா கூச்சப்படும். சினிமான்னா சகஜமா இருக்கும் பாருங்க." இவ்வளவு முற்போக்கான குடும்பமா என்று அவர்கள் அசந்துபோயிருக்க வேண்டும்.

நான் ஏன் சம்மதித்தேன் என்று கேட்பீர்கள். எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். திருமுல்லைவாயில்காரர், பெயர் அருள், எஸ்டேட்டிலேயே வேறொரு கம்பெனியில் வேலை. போட்டோவில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருந்தார். அந்தப் போட்டோவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்ப்பேன். காயிலில் எத்தனை சுற்று சுற்றினேன் என்பதே மறந்து, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. இந்த இடம் எப்படியாவது அமைய வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். அதற்காகப் பவுடர் என்ன, இருட்டு என்ன, எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தேன்.

இங்கிலீஷ் படங்களைத் தமிழில் பேசவைத்து விட ஆரம்பித்திருந்த நேரம் அது. அதற்கு முன் இங்கிலீஷ் படத்துக்குப் போனால், சண்டை வரும்வரை ஆளாளுக்கு முறுக்கு தின்றுகொண்டிருப்பார்கள். தமிழ் பேச ஆரம்பித்ததும் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். அன்றைக்கு ஓடியது ஒரு ராக்கெட் படம். வேறு கிரகத்துக்குக் குடியேறப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய கப்பல் ஆகாயத்தில் போகிறது. தமிழில் வைத்த பெயரில் ராட்சசன் என்று ஏதோ வரும். படத்தில் ராட்சசன் யாரும் கிடையாது.

பவுடர் பூச்சோடு இருட்டில் தட்டுத் தடுமாறிப் போய் உட்கார்ந்தோம். சுவரோரம் நான், அடுத்து சின்னம்மா, அடுத்து மாப்பிள்ளையின் அம்மா, அந்தக் கடைசியில் அவர். பெண் பார்க்க வந்தவருக்கு என் மூக்கு நுனி தெரிந்திருந்தாலே அதிகம். அவர் ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தை என்னிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். இரண்டு பெரியவர்களைத் தாண்டி வந்தபோது அதில் ஒரு பிடிதான் மிச்சமிருந்தது. அதையும் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

படத்தில் தங்க நிற முடியோடு ஒரு கேப்டன். வந்ததுமே விசில். கூடவே எந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு கருப்பு ஆள். நம்ம ஊரில் கருப்பாக ஒருவர் திரையில் வந்தால் அது அடியாள் அல்லது காமெடி என்பது எல்லோருக்கும் தெரியும். தமிழ்ப்படுத்தியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. கேப்டன், "நண்பர்களே, அஞ்ச வேண்டாம்" என்று ரேடியோ செய்தி போலப் பேசினார். கருப்பு ஆள், "இன்னா நைனா, மிசினு பேஜார் பண்ணுது" என்று எங்கள் பாஷை பேசினார். சிரிப்புக்காகத்தான் அப்படி வைத்திருப்பார்கள். தியேட்டரும் சிரித்தது.

அதோடு நிற்கவில்லை. முன் வரிசையிலிருந்து ஒரு குரல், "டேய், இன்னாடா கலரு இது! லைட்ட போடுங்கடா, ஆளே தெரில!" தியேட்டர் முழுக்கக் கொல்லென்று சிரிப்பு. மாப்பிள்ளையின் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சம்பந்தி சிரிக்கிறாரே என்று சின்னம்மாவும் சிரித்துவைத்தாள். கடைசி நாற்காலியிலிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. என் முகம் அந்த இருட்டிலும் சுட்டது. அந்த ஆளாவது திரையில் இருந்தார். நான் அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

காலடியில் டார்ச் வெளிச்சம் விழுந்தது. சின்னம்மா என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள். இடைவேளை முழுக்கக் கழிப்பறை வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அங்கேயும் ஒரு தடவை பவுடர் பூசிவிட்டாள். "எல்லாம் நல்லா போய்கினு கீதுடி. அந்தம்மா எங்கிட்ட எவ்ளோ பிரியமா பேசுது தெரிமா" என்றாள். எனக்கு அழுகையாக வந்தது, ஆனால் பவுடர் கலைந்துவிடும்.

இடைவேளைக்குப் பிறகு கதையே மாறிப்போனது. கப்பல் ஓட்டையாகிறது. தப்பிக்க இருந்த சின்னக் கப்பல்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு கேப்டன் தான் மட்டும் கிளம்பிவிடுகிறார். மிச்சமிருந்த இன்னொன்றில் குழந்தைகளை ஏற்றி அனுப்பவேண்டும். ஆனால் அது வெளியே போகும்வரை பெரிய கதவை யாராவது கையால் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். நிற்கிறவர் பிழைக்கமாட்டார். கருப்பு ஆள் போய்த் தோளைக் கொடுத்து நின்றார். ஒரு பையன் அவரைவிட்டுப் போகமாட்டேன் என்று அழுகிறான். "நீ போ நைனா. நான் புட்சிகினு கீறேன்" என்றார்.

சிரிக்க வைக்கப் பேசவைத்த அதே பாஷைதான். இப்போது யாரும் சிரிக்கவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வரும்போது குடத்தைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் சொல்வது போலவே இருந்தது அது. முதல் பாதியில் லைட்டைப் போடச் சொன்ன அதே முன் வரிசையிலிருந்து ஒரு செருப்பு பறந்து போய்த் திரையில் கேப்டன் முகத்தில் விழுந்தது. "டேய் வெள்ளையா, வெளிய வாடா நீ!" பின் வரிசையிலிருந்து, "ஐயோ, உட்டுட்டு ஓடியாந்துருயா" என்று ஒருத்தி கத்தினாள். சின்னம்மா, "மாதாவே, மாதாவே" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினார். "யாரு பெத்த புள்ளையோ" என்று அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் அழுத அழுகையை எப்படிச் சொல்ல? அத்தனை பேரும் கேலி பண்ணின ஒருத்தருக்காக அத்தனை பேரும் அழுகிறார்கள். எனக்கே நியாயம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தேம்பித் தேம்பி அழுதேன். சின்னம்மா தன் அழுகையினூடே என்னைப் பார்த்து, "அழாதடி கண்ணு, அழாத" என்று தன் முந்தானையாலேயே என் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டாள். காலையிலிருந்து பூசிய பவுடர் அத்தனையும் அந்த முந்தானையோடு போயிற்று.

அப்போது படம் முடிந்து லைட் வந்துவிட்டது. மாணிக்கம் அண்ணன் ஏன் டார்ச் அடிக்கவில்லை என்று திரும்பினால், அவர் கதவோரம் சுவரில் சாய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லா ஷோவிலும் பார்த்த படம் அவருக்கு.

சின்னம்மா முந்தானையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "போச்சு" என்று முனகினாள். மாப்பிள்ளையின் அம்மா சிவந்த கண்களோடு எட்டி என்னைப் பார்த்தார். நெற்றியிலிருந்து கழுத்துவரை பார்த்தார். பிறகு சின்னம்மாவிடம், குரலைத் தாழ்த்தாமலேயே, "பொண்ணு மாநிறம்னுல்ல சொன்னீங்க?" என்றார்.

எனக்குள் என்னவோ ஒன்று நிமிர்ந்தது. அந்த அழுகை மட்டும் இல்லாவிட்டால் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். "ஆன்ட்டி, இப்பதான் அந்தாளுக்கு அப்படி அழுதீங்க. அவரு என்னைவிடக் கருப்பு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்கு விளக்குவது போலச் சொன்னார். "அது சினிமாம்மா. இது குடும்பம்."

நான் அருளைப் பார்த்தேன். அவரும் அழுதிருக்கிறார், மூக்கு சிவந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். "விடும்மா" என்றிருந்தால்கூடப் போதும், அவர் பின்னால் திருமுல்லைவாயில்வரை நடந்தே போயிருப்பேன். அவர் குனிந்து தன் செருப்பை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றிப் போடுகிறவர் மாதிரி காலை நகர்த்திக்கொண்டிருந்தார். கையிலிருந்த கடலையை நாற்காலிமேல் வைத்தேன். "அப்ப நாங்க வரோம் ஆன்ட்டி. எனக்கு இந்த இடம் வேணாம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நெஞ்சு வலித்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நடை மட்டும் நன்றாக இருந்தது.

சின்னம்மா ஸ்டேஷன்வரை எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். ரயில் ஏறி உட்கார்ந்த பிறகு திடீரென்று அழ ஆரம்பித்தாள். "அந்தாளு கதவ புட்சிகினு நின்னாம் பாரு, ஒத்தையா" என்றாள். இன்னுமா படத்துக்கு அழறே என்று கேட்டேன். "படத்துக்கு இல்லடி. உன்ன போய் இருட்டுல ஒளிச்சி வெச்சேனே" என்றாள். முந்தானையில் திட்டுத் திட்டாக ரோஸ் பவுடர். துவைத்தும் லேசாக மணத்துக்கொண்டே இருந்தது அந்தப் புடவை.

கொஞ்ச நாளில் ஆவடியிலிருந்து ஒரு வரன் வந்தது. சின்னம்மா அவர்களைச் சரியாக உச்சி வெயிலுக்கு வரச் சொன்னாள். வீட்டுக்குள் நாற்காலி போடவில்லை, வாசலிலேயே போட்டாள். பவுடர் டப்பாவை எங்கோ ஒளித்துவிட்டாள். என்னைத் தோளைப் பிடித்து வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினாள். "நல்லா பாத்துக்கோ தம்பி. அப்பால அது இதுன்னு சொல்லக் கூடாது. நல்லா தெரிதா?" என்றாள். அந்த மனிதர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நல்லா தெரியுதுங்க" என்றார். அவரோடுதான் இத்தனை வருஷமாகக் குடித்தனம்.

வரவேற்பு மேடை ஏறக்குறைய அந்தத் திரை இருந்த இடத்தில்தான் போட்டிருந்தார்கள். விசிலில்லை, கடலைத் தோல் மிதிபடும் சத்தமில்லை. மாணிக்கம் அண்ணன் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. சின்னம்மாவைக் கல்லறைக்கு எடுத்துப்போய் வருஷங்கள் ஆகின்றன. இந்த இடத்தில் ஒருநாள் ஒரு கருப்பு ஆளுக்காக ஒரு கூட்டமே அழுதது என்று இங்கே யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? அழுதுவிட்டு லைட் வந்ததும் என்ன பேசினார்கள் என்பதை மட்டும் எல்லோரும் நம்புவார்கள். மேடையில் எங்கள் பிள்ளை கழுத்துவரை வெள்ளையாக நின்றுகொண்டிருந்தாள்.

நானும் வீட்டுக்காரரும் மேடையேறினோம். நான் அவள் காதோரம், "ஓவராதான் தெரியுது கண்ணு. உன் கலர்தான் உனக்கு அழகு" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கன்னத்துப் பூச்சு கொஞ்சம் விரிசல் விட்டது. போட்டோக்காரப் பையன் என்னைப் பார்த்துக் கையாட்டினான். "மேடம், ஓரமா நிக்கிறீங்க. லைட்டுக்கு வாங்க."

வந்து நின்றேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் அத்தனை விளக்கையும் எதிரே பார்த்துவிட்டு, அன்றைக்கு மத்தியானம் போலவே கண்ணைச் சுருக்கினார். நான் மெதுவாக, "நல்லா தெரிதா?" என்று கேட்டேன்.

"நல்லா தெரியுது" என்றார்.