ஓட்டையில்லாத தடுப்பு

எங்கள் அப்பா பார்த்ததே ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை. குஷாய்குடா தொழிற்சாலையில், மழைத்தண்ணீர் புகாத இரும்புப் பெட்டிகளைச் சோதித்துப் பாஸ் போடுவார். ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் பெட்டி திரும்பிவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியாத மனிதர்.

எங்கள் வீட்டுக்கு மேற்கே எல்லாம் சாப்ட்வேர்காரர்கள் வாங்கிப் போட்டிருந்த காலி மனைகள். ஜூன் பிறந்தால் காற்று தங்குதடையில்லாமல் வந்து அம்மாவின் மாதுளையைப் பிடித்து உலுக்கும். இரண்டு வருஷமாகப் பூ அத்தனையும் தரையில்தான். மூன்றாம் வருஷம் அதிசயமாக ஏழு பிஞ்சுகள் நின்றன. அம்மா காலையில் பல் துலக்குவதற்கு முன்பே போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருவாள்.

அம்மாவுக்குத் தென்காசிப் பக்கம், காற்றோடு வளர்ந்தவள். மேற்கு ஓரத்தில் வரிசையாகப் புதர்ச்செடி வைக்கலாம் என்றாள். அது வளர எத்தனை காலமாகும் என்று கேட்ட அப்பா, தகரத் தகடுகள் வாங்கிவந்து ஆளுயரத்துக்கும் மேலே அடைத்தார்.

"காத்துக்குக் கொஞ்சம் வழி விடுங்க. முழுசா மறிச்சா மேல ஏறி இந்தப் பக்கம் குதிக்கும்" என்றாள் அம்மா.

"ஓட்டை இருந்தா அது பேரு தடுப்பா?" என்றார் அப்பா.

உதவிக்கு நான். எட்டு வயது. தகரத்தில் வெளிச்சம் தெரிகிற இடத்தையெல்லாம் நான் காட்ட, அவர் தார் வைத்து அடைப்பார். எனக்கு என்ன பெருமை!

நாலாம் நாள் மத்தியானம் காற்று அம்மா சொன்னபடியே தகரத்தின் மேல் ஏறி, உள்ளே விழுந்து சுழன்றது. தகரம் அசையவில்லை. மாதுளை பாதியில் முறிந்தது.

அம்மா முறிந்த கிளையை மடியில் போட்டுக்கொண்டு பிஞ்சுகளைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு தடவை கத்தியிருந்தால் அப்பா தப்பித்திருப்பார். அவள் கத்தவில்லை. 'என் தப்பு' என்பது அப்பாவின் வாயில் நுழையாத வார்த்தை, அன்றும் நுழையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தகரத்தைக் கழற்றினார். ஸ்கூட்டரில் உப்பல் நர்சரிக்குப் போய், கையெல்லாம் முள் கீறலோடு பத்துக் களாச்செடிகள் கொண்டுவந்து, செடிக்குச் செடி இடைவெளி விட்டு நட்டார். இது எதற்கு என்று அம்மா கேட்டாள்.

"களாக்காய் ஊறுகாய் போடலாமேன்னுதான். எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஜூட்! பொய்! டாக்டர் உங்க பிபிக்கு ஊறுகாயே நக்கோ, கூடாதுன்னாரே, அப்பா?"

அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். உள்ளதைச் சொன்னதற்கு இந்தக் கிள்ளா என்று சாயங்காலம் வரை அழுதேன்.

போன மாதம், என் பழைய காபி ஃபில்டரை எடைக்குப் போட்டுத் திட்டு வாங்கிக்கொண்ட என் கணவர், மறுநாள் புதிதாக ஒன்றோடு வந்து நின்றார். தனக்குத்தான் வேண்டுமாம். காபியே குடிக்காத மனிதர். கேட்க வாயெடுத்தேன், தொடை சுரீரென்றது.