அண்ணன் சொன்ன "இரு"

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓர் ஆண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவர்களைப் பற்றி எழுத, படித்தவர்கள் பலர் சபையில் உண்டு. உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்ததைவிட வெளியே முட்டி போட்டதுதான் அதிகம். பிழை இருந்தால் அச்சகத்தார் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.

அண்ணன் பிறந்தது திருநெல்வேலிச் சீமையில், பனையேறிகள் வாழும் ஒரு சிற்றூரில். தகப்பனார் பனையிலிருந்து விழுந்து இறந்தபின் மிஷன் பள்ளிக்கூடத்தார் எங்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். அண்ணன் நிலைத்தார்கள், நான் ஓடிவிட்டேன். பிறகு இருவரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறினோம். எல்லாரும் வாந்தியெடுத்துக் கிடந்த கப்பலில் அண்ணன் மட்டும் வேதத்தை மடியில் வைத்து வாசித்துக்கொண்டே வந்தார்கள்.

சிங்கப்பூரில் இறங்கியதும் நான் கல் ஏற்றும் மாட்டுவண்டி ஓட்டினேன். இன்று சிராங்கூன் ரோட்டில் போகிற கல் வண்டிகளில் பாதி என்னுடையவை. ஒருவரும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. மாட்டை ஒரு பார்வை பார்த்தால் போதும், எவ்வளவு பாரம் இழுக்கும், எங்கே படுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிடுவேன். மனிதர்களையும் அப்படியே. அண்ணனை மட்டும் என்னால் கணிக்க முடிந்ததில்லை.

அண்ணன் உபதேசியாராகி, சிராங்கூன் ரோட்டில் மாட்டுத் தீவனக் கடைக்கு மேல்மாடியில் தமிழ்ச் சபையை நடத்தினார்கள். சபைக் காரியம் எதுவானாலும் வேதம் வாசித்துக் கர்த்தரிடம் கேட்காமல் முடிவு சொல்ல மாட்டார்கள். அதுவும் வேண்டிய இடத்தைப் புரட்டி வாசிப்பதில்லை. ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசித்து, நாடாவை வைத்த இடத்தில் மறுநாள் தொடருவார்கள். கேள்வி ஒரு மூலையில் காய்ந்துகொண்டு கிடக்கும்.

சபையில் பெரிய கேள்வி ஒன்று வந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற சபையார் அவ்வளவு தூரம் நடந்து வந்து ஆராதனையில் தூங்கி விழுந்தார்கள். அவர்களுக்குப் பக்கமாக, புக்கிட் மேராவில் ஒரு மேட்டு நிலத்தை ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், சபைக்குத் தர இசைந்தார். நான் கேட்டதால் இசைந்தார். வேறு யாராவது கேட்டிருந்தால் நாயை அவிழ்த்துவிட்டிருப்பார். ஆனால் சிராங்கூன் ரோட்டில் மாடு வைத்திருக்கும் பால்காரக் குடும்பங்கள் நகர மாட்டோம் என்றன. போவதா இருப்பதா என்று அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

"அண்ணே, நெலம் கைக்கு வந்துட்டுது. அந்தாளு நமக்காவக் காத்துக்கிட்டிருக்க மாட்டான்" என்றேன்.

"இருடே. இன்னும் வாசிச்சு முடியல."

"நீங்க முடிக்கதுக்குள்ள அங்க அன்னாசி நட்டுருவான். ஏதாவது ஒரு பக்கத்தத் தொறந்து வெரல வைங்க, என்ன வருதோ அதச் செய்வோம்."

"நமக்கு வேண்டிய எடத்த மட்டும் பாத்தா நம்ம கொரலுதாம்டே நமக்குக் கேக்கும். இரு."

இந்த "இரு"வைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது. நான் ஒரு நாளில் முடிக்கிற வேலைக்கு அவர்களுக்கு ஒரு தீர்க்கதரிசியின் புத்தகம் முழுவதும் வாசிக்க வேண்டும்.

அவர்களுடைய நற்குணத்தையும் சொல்ல வேண்டும். அண்ணன் ஒருவரையும் "நீ" என்று அழைத்ததில்லை. மூட்டைக்காரர்களையும், தெருக்கூட்டுகிறவர்களையும் "நீங்க, வாங்க, இருங்க" என்பார்கள். துறைமுகத்தார்க்குத் தலைவரான தண்டல் யேசுவடியான் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்வார்: "எங்கள எல்லாம் ஐயா 'நீங்க'ங்கிறாரு. வண்டிக்கார மொதலாளிக்குத்தான் அந்தக் கொடுப்பின இல்ல."

கேள்வி அப்படியே இருக்க, அண்ணன் காய்ச்சலில் விழுந்தார்கள். கடைசி நாளில் கட்டிலின் ஒரு பக்கம் தண்டலும், மறுபக்கம் பால்காரர் பாக்கியநாதனும் நின்றார்கள். நான் தலைமாட்டில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாக்கியநாதன் குனிந்து, கர்த்தர் என்ன சொன்னார், போறதா இருக்கிறதா என்று கேட்டார். அண்ணன் கண்ணைத் திறந்து "இரு" என்றார்கள். அதோடு பேச்சு நின்றது.

அடக்கம் முடிந்து வீடு திரும்புமுன் சண்டை தொடங்கியது. இங்கேயே இருக்கச் சொன்னார் என்றார் பாக்கியநாதன். "இரு சபை" என்று சொல்ல வந்தார், மூச்சு இடம் கொடுக்கவில்லை, இரண்டாகப் பிரிந்துபோகக் கர்த்தரே உத்தரவு தந்துவிட்டார் என்றார் தண்டல். இந்த ஓராண்டாகத் துறைமுகத்தார் மாடிக்கு வரவில்லை. கூலிவீட்டுத் தாழ்வாரத்திலேயே ஜெபம் செய்கிறார்கள்.

இருவரும் என்னை நடுவனாக்கி வந்து வந்து நின்றார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அண்ணன் மனைவியான மதினியாரிடம் போய்க் கத்தினேன். "சாகும்போதாவது முழுசாச் சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

மதினியார் சோறு வடித்துக்கொண்டே கேட்டார்கள்: "கொழுந்தனாரே, பால்காரரு கேட்டா அவங்க 'இரு'ன்னா சொல்லுவாங்க? 'இருங்க'ன்னுல்லா சொல்லுவாங்க."

சபையாரே, உங்கள் அனைவருக்கும் இந்த மலரில் அச்சுப்போட்டுச் சொல்லுகிறேன். அந்தச் சொல் உங்களுக்கு வந்த பதில் அல்ல. அண்ணன் "இரு" என்று சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். பால்காரருக்கும் இல்லை, தண்டலுக்கும் இல்லை. இரண்டு பேரும் இல்லாத உத்தரவை வைத்துக்கொண்டு ஓராண்டு முறைத்திருக்கிறீர்கள்.

கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. அண்ணனுடைய வேதத்தில் நாடா முதலாம் நாளாகமத்தில் இருந்தது. அவர்கள் முடிக்காமல் விட்ட அந்த இடத்திலிருந்து நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். பேர் பேராக வருகிறது. அவன் இவனைப் பெற்றான், இவன் அவனைப் பெற்றான். புக்கிட் மேராவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தவுக்கே இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். இப்படி ஒரு வேலையை எனக்கு வைத்துவிட்டுப் போன அண்ணன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

பெட்டியைத் தோளில் சுமந்த துறைமுகத்துச் சகோதரர்களுக்கும், வீட்டாருக்குப் பல நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பால்கார வீட்டுத் தாய்மாருக்கும், கேட்குமுன் வெள்ளைத் துணி கொடுத்தனுப்பிய எதிர்க்கடை ராவுத்தர் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெட்டியின்கீழ் அன்று தண்டலின் தோளும் பாக்கியநாதனின் தோளும் முன்னும் பின்னுமாக இருந்ததை நான் பார்த்தேன்.

போவதா இருப்பதா என்று கேட்டு என் வாசலுக்கு இனி வருகிறவர்கள், ஒரே நாளில் சேர்ந்து வாருங்கள். வந்தால், இருங்கள் என்பேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பெயர்களை எனக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எனக்கு அண்ணன் சொன்னது இரு. இருக்கிறேன், அண்ணே.