பானைக்குள் வந்த எண்ணெய் வாடை

விருத்தாசலம் செராமிக் யூனிட்டில் மோல்டு செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்தவள் நான். என் சர்வீஸில் என் சரக்குக்கு எதிராக நானே பேசிய நாள் ஒன்றுதான். அது ஊரில் இல்லை, அமேசான் மழைக்காட்டில்.

எங்கள் முதலாளி ஜப்பார் பாய்க்கு ஒரு எண்ணெய்க் கம்பெனியின் ஆர்டர் வந்திருந்தது. காட்டுக்குடிகளுக்குத் தண்ணீர் பில்டர் பானை செய்யக் கற்றுத்தர வேண்டும். களிமண்ணில் சலித்த மரத்தூளைக் கலந்து, அச்சில் அழுத்திச் சுட்டால், தூள் எரிந்து கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். கிருமி மேலே நின்றுவிடும், தண்ணீர் கீழே சொட்டும்.

"போயிட்டு வாம்மா. இது நல்லபடியா முடிஞ்சா நம்ம யூனிட்டை மூட வேண்டியதில்ல" என்று அனுப்பிவைத்தார்.

பெண்ணாடம் பஸ்ஸில் தூங்கிப்போய், பெயர் தெரியாத ஊரில் விழித்தது போலத்தான் இருந்தது எனக்கு அந்தக் காடு. மூடுபனி தரையிலிருந்து எழும்பி ஒவ்வொரு மரமாக மறைக்கும். மழை நின்ற பிறகும் இலைகள் வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். சுட்ட பானையைத் தட்டினால் வரும் ஓசைகூட எங்கோ தூரத்தில் கேட்கும். வேலைக்கு வந்தேன் என்பதே சில நேரம் மறந்துபோகும். அவ்வளவு பிடித்துப்போனது.

விடியும் முன் அந்த மக்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, இலைக் கஷாயம் குடித்தபடி கனவு சொல்வார்கள். முடிவெல்லாம் கனவைக் கேட்டுத்தான். மொழிபெயர்ப்புக்கு இருந்த பெண் ஆங்கிலத்தில் சொன்னதை நம்ம ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

ஒரு நாள் அவர்களின் தலைவி தன் கனவைச் சொன்னாள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். "ஆறு கருப்பா வந்துச்சு. இவங்க பானையில ஊத்துனோம். வெள்ளையா எறங்குச்சு."

எல்லார் முகமும் மலர்ந்தது. "அப்ப கம்பெனிக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிடலாம்" என்றார் ஒருவர்.

எனக்கு அப்போதுதான் விஷயமே புரிந்தது. இவர்கள் ஓடைக்கரையில் எண்ணெய்க் கிணறு தோண்டக் கம்பெனி சம்மதம் கேட்டிருக்கிறது. தண்ணீர் கெட்டால் பானை இருக்கிறதே என்று ஆசை காட்டியிருக்கிறது.

தலைவி என் பக்கம் திரும்பினாள். "உங்க பானை அப்படிச் செய்யுங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினால் யூனிட் பிழைக்கும். இல்லையென்றால் அவர்கள் கனவையே நான் பொய்யாக்க வேண்டும். ஓடை போய்ச் சேரும் ஆற்றோரம், கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய எண்ணெய்க் கிணறு இருந்தது. அங்கிருந்து ஒரு கேன் தண்ணீர் எடுத்துவரச் சொல்லிப் பானையில் ஊற்றினேன். தெளிவாகத்தான் இறங்கியது. கிண்ணத்தில் பிடித்து நீட்டினேன். குப்பென்று எண்ணெய் வாடை.

"கிருமியைத்தாங்க இது நிறுத்தும். தண்ணியில கரைஞ்ச எண்ணெயை நிறுத்தாதுங்க" என்றேன்.

தலைவி கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "கனவுல வெள்ளையாத்தான் எறங்குச்சு. ஆனா எங்கள்ல யாரும் அதைக் குடிக்கல. அதைச் சொல்லாம வுட்டுட்டேன்."

கம்பெனிக்கு முடியாது என்று சொல்லியனுப்பினார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நம் சரக்கு என்ன செய்யும் என்று ஆயிரம் பேர் சொல்வார்கள். என்ன செய்யாது என்று செய்தவர்தான் சொல்ல வேண்டும்.

அன்று ஓடைக்கரையில் நின்று பாய்க்கு சாட்டிலைட் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆர்டர் போச்சேம்மா!" என்று கத்தினார். கொஞ்சம் கழித்து அவர் குரல் இறங்கியது. "சரி, அவங்க ஓடைத் தண்ணி எப்படித்தான் இருக்குது?"

குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன்.

"இதுக்குப் பில்டரே வேணாம் பாய்."