கயிற்றைப் பிடித்தவள்

பொன்னேரி ஸ்டேஷனில் நாங்கள் ஏறிய மாட்டு வண்டியை ஓட்டுகிறவள் ஒரு பெண், என்னைவிட இளையவள். ஆரணி ஆற்று மணலைத் தாண்டிக் கரையேறும்போது வண்டி பின்னால் சாய்ந்து, நுகத்தடி மேலே எழும்புகிறது.

"சாமி, முன்னால நவுந்து குந்துங்கோ!" என்று அதட்டுகிறாள். யார் சொல்லுக்கும் அசையாத என் கணவர் மறுபேச்சில்லாமல் நகர்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

"வண்டி ஓட்ட யாரும்மா கத்துக்கொடுத்தது?" என்கிறேன்.

"யாரு கத்துக் குடுப்பா? பத்து வயசுல நைனா பூட்டாரு. ரெண்டு தம்பிங்க வேற. மாட்டுக்கு வழி தெரிஞ்சிது, நான் கயித்தப் புடிச்சிக்கினேன்."

பத்து வயதில் என்னை மழைத்தண்ணீரில் கால் வைக்க விடாமல் அப்பா தூக்கிக்கொண்டு போவார். தகப்பனை இழந்தவளைப் பார்த்துப் பொறாமைப்படலாமா? படுகிறேன். எனக்கு முப்பது வயது; ஊர் திரும்பும் என் டிக்கெட்டும் இவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.